வாயால் சொன்ன வாடகை

மதிப்பீட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லாரும் என்னைக் கண்டால் கேட்பது ஒரே கேள்விதான்: "மிஸ், வாடகைக் கட்டடத்துக்கு விலை எப்படிப் போடுறது?" கணக்கு உங்களுக்கே தெரியும். வருடத்து வாடகையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதேச சபைக்குக் கட்டும் சோலை வரி, திருத்த வேலை, ஆள் கிடைக்காமல் பூட்டிக் கிடக்கும் மாதங்கள் எல்லாவற்றையும் அதில் கழியுங்கள். மிச்சத்தை, வாங்குகிறவர் தன் பணத்துக்கு நூற்றுக்கு எவ்வளவு வருமானம் எதிர்பார்க்கிறாரோ அந்த வீதத்தால் வகுங்கள். விலை வந்துவிடும். இதை இப்போது கையிலிருக்கும் ஃபோனே செய்துவிடுகிறது. ஆனால் அந்த முதல் எண் இருக்கிறதே, வருடத்து வாடகை, அதை யாராவது ஒருவர் நேரில் போய்க் கேட்டுக்கொண்டு வரவேண்டும். கேட்டால் மனிதர்கள் பதில் சொல்வார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

நான் ஹட்டனில் வங்கிகளுக்காக மதிப்பீடு செய்துகொண்டிருந்த கடைசி வருடங்களில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு காலை பரமேஸ்வரி என்று ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. அவள் படியேறி வருவதற்கு முன்பே அவளுடைய அத்தர் வாசனை வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. கொட்டகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவள். பிள்ளைகள் சின்னதாக இருந்தபோதே குவைத்துக்குப் போய், ஒரு வீட்டில் சமையலும் துப்புரவுமாக வாழ்க்கையில் பாதியைக் கழித்துவிட்டுத் திரும்பியிருந்தாள். சேர்த்த பணத்தோடு கொஞ்சம் வங்கிக் கடனும் வாங்கி, கொட்டகலை ஸ்டேஷனுக்குக் கிட்ட மெயின் ரோட்டில் இருந்த இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றை வாங்கப் போகிறாள். கடன் கொடுக்கும் வங்கி, மதிப்பீட்டுக்கு என்னிடம் அனுப்பியிருந்தது.

"மிஸ், இதுதான் எனக்குப் பென்சன்," என்றாள். "இனிமே ப்ளேன்ல ஏறுறதுன்னா திருச்செந்தூர் போறதுக்குத்தான் ஏறணும். கீழ ரெண்டு கடை, மேல ரெண்டு ரூம். மாசம் பொறந்தா வாடகை வந்துரும். நீங்க நல்ல வெலையா எழுதிக் குடுங்க."

அவள் மட்டுமல்ல, வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் கேட்பார்கள். விலை உயர்வாக எழுதினால் கடன் சுலபமாகக் கிடைக்கும் என்பது அவர்கள் எண்ணம். அந்த விலையைக் கொடுக்கப் போவது தாங்கள்தான் என்பது அந்த நேரத்தில் ஞாபகத்தில் இருப்பதில்லை.

மறுநாள் போனோம். கொட்டகலையில் நல்ல மழை. கட்டடத்தின் சொந்தக்காரர் சோமசுந்தரம் முதலாளி குடையோடு வாசலில் நின்று வரவேற்றார். பஜாரில் மூன்று தலைமுறையாகச் சாமான் கடை வைத்திருக்கும் குடும்பம். பேச்சில் சீனி அதிகம். நான் அளவு நாடாவை எடுப்பதற்குள் பிளேன்டீயும் பணிஸும் வந்துவிட்டன.

"ஒரு நாள்கூட காலியா கெடந்ததில்லைங்க மிஸ்," என்றார். "மகன் கொழும்புக்கு வரச் சொல்றான், அதனாலதான் குடுக்குறேன். இல்லாட்டி இத விப்பேனா? வெள்ளிக்கிழம கொழும்புப் பார்ட்டி ஒண்ணு வருது. ஆனா நம்ம ஊருப் பொண்ணு கேக்கும்போது வெளியாளுக்குக் குடுக்க மனசு வரல."

பரமேஸ்வரி என் கையைப் பிடித்து அமுக்கினாள். வெள்ளிக்கிழமை என்ற சொல் அவளை அப்படிப் பதற வைத்தது.

முதலில் கீழே இடது பக்கம் மணியின் சலூன். இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, மூலையில் ஊதுபத்தி. மணி மெலிந்த, மீசையைப் பார்த்துப் பார்த்துப் பராமரிக்கும் மனிதர். வாடகை எவ்வளவு என்று கேட்டேன். முதலாளியை ஒரு தடவை பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிப்பதுபோல் நேராக நின்று, "இருவத்தஞ்சாயிரம்ங்க மிஸ்," என்றார்.

இந்த இடத்தில் நான் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். நீங்களும் எந்தக் கடைக்குப் போனாலும் இதைப் போட்டுப் பாருங்கள். இவர் அந்த வாடகையைக் கொடுத்து, கரண்ட் பில் கட்டி, சாப்பிடவும் வேண்டும் என்றால் மாதம் எத்தனை தலை வெட்டவேண்டும்? கொட்டகலைக்காரர் எல்லாரும் வாரத்துக்கு ஒரு தடவை வந்து உட்கார்ந்தால் ஒருவேளை நடக்கும். அன்றைக்கு அங்கே இருந்தவர் ஒரே ஒருவர். அவருக்கும் வழுக்கை. சவரத்துக்கு வந்திருந்தார்.

மாடியில் டியூசன் வகுப்பு நடத்தும் கணக்கு வாத்தியார், மழைக்கு ஒதுங்குவதுபோல் சலூன் வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"எனக்கு முப்பது," என்றார் வாத்தியார்.

முதலாளியின் குடை லேசாக ஆடியது. மணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். கையில் சவரக்கத்தி. "சார் மேல்மாடி. மெயின் ரோட்டு மொகப்பு எனக்குத்தான். கரண்டு, தண்ணி எல்லாம் சேத்தா நான் முப்பத்தஞ்சு குடுக்குறேன் மிஸ்."

"கரண்டு சேத்தா எனக்கும்தான் நாப்பது வரும்," என்றார் வாத்தியார்.

கீழே வலது பக்கம் ஃபோன் திருத்தும் கடை வைத்திருந்தவர் நிமல் என்ற சிங்கள இளைஞர். மலையகத் தமிழ் அவருக்கு நன்றாக வரும். கோபம் வந்தால் மட்டும் சிங்களத்துக்குப் போய்விடுவார். மணியையும் வாத்தியாரையும் மாறி மாறிப் பார்த்தார். தன் கடைதான் இந்தக் கட்டடத்திலேயே கண்ணாடிக் கதவு போட்டது என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"நான் அம்பது," என்றார்.

"நிமல்," என்றார் முதலாளி, "நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன் மொதலாளி. அம்பது."

ஒரு கட்டடத்தின் வாடகை கால் மணி நேரத்தில் அப்படி ஏறியதை நான் என் சேவைக் காலத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் வழுக்கைத் தலைக்காரரும் ஏதாவது சொல்லியிருப்பார்.

மாடியில் இன்னொரு அறை பூட்டியிருந்தது. பூட்டு புத்தம் புதிது. "இது ஒரு கம்பெனி ஸ்டோர்ஸ்," என்றார் முதலாளி. "சாவி அவங்ககிட்ட. வாடகை கரெக்டா பேங்க்ல விழுந்துரும்." கதவில் காதை வைத்தேன். உள்ளே சளசளவென்று தண்ணீர் சத்தம்.

"ஸ்டோர்ஸுக்குள்ள யாரோ குளிக்கிறாங்க போல," என்றேன்.

"பைப்பா இருக்கும் மிஸ்," என்றார் முதலாளி.

நான் அண்ணாந்து தகரக் கூரையைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நடுரோட்டில் நின்று அதைச் சொன்னால் மூன்று பேரும் ஒரே குரலில் சத்தியம் செய்வார்கள். ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்ன பொய்யிலிருந்து யாரும் பின்வாங்க மாட்டார்கள், அதுவும் பஜாரில். இன்னொரு பக்கம் வங்கிக் கடன் அதிகாரி ஃபோனில். "மிஸ், ரிப்போர்ட் இன்னைக்கே கெடைச்சா நல்லது, மாசக் கடைசி." பரமேஸ்வரி அதற்குள் ஃபோனில் வாடகைகளைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்து, முகம் மலர்ந்து, முதலாளி கேட்ட விலை மலிவு என்ற முடிவுக்கே வந்துவிட்டாள்.

அவளை ஸ்டேஷன் பக்கத்துத் தேநீர்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"இந்த வாடகை வராது பரமேஸ்வரி," என்றேன்.

"அவங்க வாயாலயே சொன்னாங்களே மிஸ்."

"வாயால சொன்னாங்க. கையால குடுப்பாங்களா? நீங்க செவத்தையும் கூரையையும் வாங்கல. இனிமே வருசா வருசம் வரப்போற வாடகையத்தான் இப்பவே காசு குடுத்து வாங்குறீங்க. மாசம் ஆயிரம் ரூபா பொய்யின்னா, வெலையில லச்சத்துக்கு மேல ஏறிரும். இங்க எத்தன ஆயிரம் பொய்யின்னு எனக்கே தெரியல."

அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள். முகம் மாறியது. "கொழும்புப் பார்ட்டி ஒங்ககிட்டயும் வந்து பேசிட்டாங்களா மிஸ்?" என்றாள்.

தம்பிமாரே, தங்கைமாரே, இது உங்களுக்கும் வரும். யாருக்காகப் பார்க்கிறீர்களோ அவர்களே நீங்கள் காசு வாங்கிவிட்டீர்களா என்று கேட்பார்கள். எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் எதிரே இருந்தவள் என்னை அவமானப்படுத்த வரவில்லை. அவளுக்குப் பயம். கையிலிருந்த கனவை யாரோ பிடுங்குவதுபோல் இருந்திருக்கும். அப்படிப்பட்ட ஆளிடம் கணக்கை இரண்டாம் தடவை விளக்கினால் கோபம்தான் கூடும். அவளே பார்க்கிற மாதிரி ஏதாவது செய்யவேண்டும்.

"சரி," என்றேன். "அவங்க சொன்ன வாடகையிலயே வெல போடுறேன். நீங்க ஒண்ணு மட்டும் செய்ங்க. இப்பவே போயி, நீங்கதான் புதுச் சொந்தக்காரின்னு சொல்லுங்க. அதே வாடகைக்கு ரெண்டு வருசம் இருக்கோம்னு நாளைக்கு ஹட்டன்ல லோயர் முன்னால கையெழுத்துப் போட்டாப் போதும். நான் ரிப்போர்ட்ட எழுதிர்றேன்."

"இவ்வளவுதானா?" என்று அவள் எழுந்து மழையிலேயே ரோட்டைக் கடந்தாள். நான் தேநீரைக் குடித்துவிட்டு மெதுவாகப் பின்னால் போனேன். முதலாளி தன் கடையிலிருந்து எங்களைப் பார்த்துவிட்டு வேகமாக வந்துகொண்டிருந்தார்.

பரமேஸ்வரி சலூன் வாசலில் நின்று மூன்று பேரையும் கூப்பிட்டாள். அவள் குரலில் அவ்வளவு அன்பு.

"தம்பி, நான் மத்தவங்க மாதிரி இல்ல. கட்டடம் கை மாறுனதும் வாடகையக் கூட்டுற புத்தி எங்கிட்ட கெடையாது. ஒரு ரூபா கூட்ட மாட்டேன். நிமல், நீங்க குடுக்குற அந்த அம்பதாயிரம் எனக்குப் போதும். சார், ஒங்களுக்கு நாப்பது. மணித் தம்பி, முப்பத்தஞ்சு. ரெண்டு வருசத்துக்கு எழுதிருவோம். நாளைக்கு வேன் நான் பிடிக்கிறேன். எல்லாரும் சேந்து ஹட்டன் போயிட்டு வருவோம். சாப்பாடும் என் செலவு."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

முதலில் தெளிந்தவர் வாத்தியார். "நான் நாப்பதுன்னு சொன்னது..." என்று தொண்டையைச் செருமினார், "அஞ்சு மாசத்துக்கு."

"நீங்க கணக்கு வாத்தியார் இல்லையா?" என்றேன்.

"நாளைக்கு எனக்கு வர ஏலாது அக்கா, கடையில வேல," என்றார் மணி.

"நாளான்னைக்குப் போவோம் தம்பி."

"அன்னைக்கும் ஏலாது."

நிமல் நெற்றியைத் தேய்த்தார். "அக்கா, அம்பதுன்னு சொன்னது அட்வான்ஸ். வாடகை வேற." பிறகு மணியின் பக்கம் திரும்பி சிங்களத்தில் ஏதோ சொன்னார். மணி தமிழில் பதில் சொன்னார்: "நான் எங்கய்யா ஆரம்பிச்சேன்? சார் முப்பதுன்னு சொன்னதாலதான் நான் முப்பத்தஞ்சுக்குப் போனேன்!"

"சலூனை விடக் கொறச்சலா நான் எப்படிச் சொல்றது?" என்றார் வாத்தியார். "டியூசனுக்கு வர்ற பிள்ளைகளோட தாய் தகப்பன் காதுல விழுந்தா என்ன நெனைப்பாங்க?"

அப்போது முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. குடையைத் தரையில் ஒரு குத்துக் குத்தி, "நான் எல்லாருக்கும் இருவத்தஞ்சுன்னுதானய்யா சொல்லச் சொன்னேன்!" என்று கத்தினார்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. சவரம் பாதியில் நின்ற வழுக்கைத் தலைக்காரர் மட்டும் சோப்பு முகத்தோடு சிரித்தார்.

ஒவ்வொன்றாக உண்மை வந்தது. மணி கொடுப்பது பன்னிரண்டாயிரம், அதிலும் சில மாதம் பாக்கி. வாத்தியார் எட்டாயிரம், பாடசாலை விடுமுறையில் அதுவும் இல்லை. நிமல் பதினைந்து. கம்பெனி ஸ்டோர்ஸ் என்ற அறையில் ஒழுகும் கூரைக்குக் கீழே வாளிகள்தான் குடியிருந்தன. பொய் சொன்னால் பாக்கியைக் கேட்கமாட்டேன் என்று முதலாளி அவர்களிடம் சொல்லியிருக்கிறார்.

பரமேஸ்வரி காலியாக இருந்த சலூன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அது சுழலும் நாற்காலி. அவள் உட்கார்ந்த வேகத்தில் அரைச் சுற்றுச் சுற்றி அவளைக் கண்ணாடிக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தியது. கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

"அந்த வீட்டு வேலையில ஒரு பெருநாளுக்குக்கூட உக்காந்து சாப்பிட்டதில்ல," என்றாள். "என் மகளோட கல்யாணத்த ஃபோன்லதான் பாத்தேன். பாத்துக்கிட்டே பாத்திரம் கழுவினேன். அந்தக் காசய்யா இது."

நிமலால் தன் கடைக்குள் போகவும் முடியவில்லை, அங்கே நிற்கவும் முடியவில்லை. வாத்தியார் சுவரில் ஒட்டியிருந்த தலைவெட்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். மணி என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில், சுத்தமான துவாயொன்றை எடுத்து அவள் கழுத்தைச் சுற்றிப் போர்த்திவிட்டார். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்ற வசனம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நம் தொழிலில் சரியாகச் சொல்வதற்கு அடுத்தபடியாகக் கடினமான வேலை, அதன் பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது.

கொஞ்ச நேரத்தில் அவள் அந்தத் துவாயாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை வாசல் பக்கமாகச் சுழற்றினாள்.

"மொதலாளி, இப்ப வெல பேசுவமா?"

முதலாளி திடுக்கிட்டார். அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போவாள் என்றுதான் அவர் எதிர்பார்த்திருப்பார். நானும்தான்.

"எங்க தாத்தா கட்டினதும்மா. பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு."

"அழகாத்தான் இருக்கு. அழகு மாசத்துக்கு எவ்வளவு வாடகை குடுக்குது?"

"வெள்ளிக்கிழம கொழும்புப் பார்ட்டி..."

"வரட்டும் மொதலாளி. அவங்களையும் மொதல்ல மணித் தம்பிகிட்ட அனுப்புங்க."

மணி வேகமாகத் தலையாட்டினார், இனி யார் கேட்டாலும் உண்மையைத்தான் சொல்வேன் என்பதுபோல. முதலாளி அதன் பிறகு வெள்ளிக்கிழமை என்ற சொல்லையே எடுக்கவில்லை; அப்படி ஒரு பார்ட்டியே இல்லை என்பது அப்போதே எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

நான் உண்மையான வாடகையை வைத்து, பூட்டிய அறைக்கு ஒன்றும் சேர்க்காமல், கூரை மாற்றும் செலவையும் கழித்து அறிக்கை எழுதினேன். கடன் அதிகாரிக்கு என்மேல் வருத்தம், கடன் சிறியதாகிவிட்டதென்று. சில வாரம் இழுபறிக்குப் பிறகு முதலாளி இறங்கி வந்தார். கேட்டதில் பாதிக்குச் சற்றுக் கூடுதலான விலையில் பரமேஸ்வரி அதே கட்டடத்தை வாங்கினாள். மிஞ்சிய பணத்தில் முதலில் கூரையை மாற்றினாள். பூட்டிக் கிடந்த அறைக்கு ஒரு தையல்கார அக்கா வந்தார். வாடகையை அவள் ஒரேயடியாகக் கூட்டவில்லை. ஒழுங்காகக் கொடுத்து நிலைத்து நிற்கும் ஆள், கூடுதலாகக் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போகும் ஆளைவிட மேல் என்பதை நான் சொல்லாமலே பிடித்துக்கொண்டாள். வாத்தியாரிடம் மட்டும் கறாராக, விடுமுறை மாதத்துக்கும் வாடகை வேண்டும் என்றாள். அவர் கணக்குப் போட்டுப் பார்த்து ஒத்துக்கொண்டார். மணி மட்டும் வருகிறவர்களிடம் தன் வாடகை முப்பத்தைந்து என்றே சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. அது அவர் பெருமை. யாரும் அதை வைத்து விலை போடாதவரைக்கும் நமக்கு அதில் வேலை இல்லை.

சோமசுந்தரம் முதலாளி ஹட்டன் பஜாரில் என்னைக் கண்டால் கொஞ்ச நாள் எதிர்ப்பக்கம் கடந்து போய்விடுவார். ஒரு வருடம் போயிருக்கும். ஒரு நாள் பழக்கூடை ஒன்றோடு அலுவலகத்துக்கு வந்து நின்றார். கொழும்பில் மகனோடு இருந்து பார்த்தும் ஒத்துவரவில்லையாம், திரும்பி வந்துவிட்டார்.

"கினிகத்தேனையில ஒரு கட்டடம் பாத்திருக்கேன் மிஸ். நாலு கடை. நல்ல வாடகை வருதுன்னு சொல்றாங்க. நீங்க ஒரு தடவ வந்து பாத்தா எனக்கு மனசுக்குத் திருப்தியா இருக்கும்."

போனேன். முதல் கடை ஒரு பேக்கரி. வாடகை எவ்வளவு என்று கேட்டதும், பேக்கரிக்காரர் சொந்தக்காரரை ஒரு தடவை பார்த்துவிட்டு, நேராக நின்று ஒரு தொகையைச் சொன்னார். முதலாளி என் தோளருகே குனிந்து காதோடு சொன்னார்:

"பொய்யி மிஸ்."

"எப்படித் தெரியும்?"

"அப்படியே நான் சொல்லிக்குடுத்த மாதிரி சொல்றான்."